கையின் எடை

வண்டூர், தெற்கு அந்தமான்
14 ஜூன் 2024

மதிப்பிற்குரிய தம்பி மனைவி திருமதி சோபியா டெர்வின் அவர்களுக்கு, ஆரோக்கியசெல்வி எழுதும் மடல். இறைவனின் இரக்கம் தங்கள் இல்லத்தில் தங்குவதாக.

உயிர்ப்புத் திருநாளையொட்டித் தாங்கள் எழுதிய கடிதத்திற்கு இத்தனை காலம் கழித்து விடையளிப்பது முறையன்று. பொறுத்தருள வேண்டுகிறேன். கடல் கொந்தளிப்பு, இவருடைய படகுப் பழுது, பாடகர் குழுப் பணி என்று காரணங்கள் பல உண்டு. அவற்றை வரிசைப்படுத்துவதே களைப்பாக இருக்கிறது. அம்மா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த செய்தி அறிந்த நாள் முதல் ஒவ்வொரு திருப்பலியிலும் அவர்களுக்காக வேண்டிவருகிறேன். நேரில் வரும் எண்ணம் இல்லாமல் இல்லை. மழை ஓயட்டும், கடல் அடங்கட்டும். கைபேசியில் பேசலாமென்றாலோ, அம்மா "யாரு? யாரு?" என்று கேட்டு முடிப்பதற்குள் சிக்னல் போய்விடுகிறது.

இனி, தங்கள் துறை சார்ந்த ஒரு செய்தி. ஹேவ்லாக் தீவில் மூடப்பட்ட ஒரு விடுதியிலிருந்து எங்கள் பங்குக் கோயிலுக்குப் பியானோ ஒன்று நன்கொடையாக வந்திருக்கிறது. சுவரோடு சேர்த்து நிறுத்தும் வகை. சரக்குப் படகில் தார்ப்பாய் போர்த்திக் கொண்டுவந்தார்கள். கூடவே வந்த லூர்துநாதன், "பொணப்பெட்டிக்குக்கூட இவ்வளவு பயந்ததில்லட்டி" என்றார். ஈரம் ஏறாதிருக்க அதன் அடிப்பகுதியில் சிறு பல்பு ஒன்றை எரியவிட்டிருக்கிறோம். மூடியின் சாவி என் பொறுப்பில் உள்ளது.

டிசம்பர் எட்டாம் நாள் எங்கள் பங்குத் திருவிழா. அன்று ஆயர் வந்து பியானோவை மந்திரித்து ஆசீர்வதிப்பார். அன்று வாசிப்பவரே இனி நிலையாக வாசிப்பார் என்று பங்குத் தந்தை அறிவித்திருக்கிறார். ராஞ்சிக் குடும்பத்துப் பெண்ணான சுஷ்மா குஜூர் என்னும் ஆசிரியை இங்குள்ள பள்ளிக்கு மாற்றலாகி வந்திருக்கிறாள். கொல்கத்தாவில் முறையாகப் பயின்றவளாம். முறையாக என்ற சொல்லைப் பாடகர் குழுவில் சிலர் என் காதில் விழும்படி அழுத்தியே சொல்கிறார்கள்.

நான் எவர் காலடியிலும் அமர்ந்து கற்றவள் அல்லேன் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். தூத்துக்குடியில், மதிய நேரத்தில், கோயில் பூட்டும்வரை அங்கிருந்த ஆர்மோனியத்தில் தடவித் தடவி நானே கண்டுபிடித்தவை என் பாடல்கள். பின்னர் கீபோர்டு. இரண்டிலும் கட்டையை எப்படித் தொட்டாலும் ஒலி ஒன்றே. பியானோவில் தொடும் விதமே தொனி என்கிறார்கள். தொடுகையை நயப்படுத்துவதற்குத் தங்கள் வழிமுறை யாது என்று எழுதினால், என் வழிமுறையோடு ஒப்பிட்டுப் பார்க்க உதவும். ஒப்பிடுவதற்கு மட்டுமே.

தங்கள் நலம் நாடும்,
ஆரோக்கியசெல்வி லூர்துநாதன்

*

தூத்துக்குடி
3 ஜூலை 2024

அன்புள்ள மைனிக்கு,

நலமா என்று கேட்டால் நலம் என்றுதான் எழுத வேண்டும். நீங்களும் அண்ணாச்சியும் நலமாக இருக்க மாதாவை வேண்டுகிறேன். உங்கள் தம்பியின் கப்பல் இப்போது எந்தத் துறைமுகத்தில் நிற்கிறது என்று தெரியவில்லை. பிப்ரவரியில்தான் வருவார்.

முதலில் ஒன்று. என்னைத் தாங்கள் என்று எழுதாதீர்கள் மைனி. உறையைப் பிரித்ததும் வங்கியிலிருந்து நோட்டீஸ் வந்திருக்கிறதோ என்று பயந்துவிட்டேன்.

அத்தைக்குக் காற்று வேண்டும் என்பதற்காகக் கட்டிலை முன்னறைக்குக் கொண்டுவந்துவிட்டோம். எழுந்து உட்கார முடியவில்லை. பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டியிருக்கிறது. சாப்பாடு கொஞ்சம்தான். உங்களைக் கேட்பார்கள்.

பியானோவுக்கு வருகிறேன். ஆர்மோனியக் கட்டை ஒரு கதவு. மெல்லத் திறந்தாலும் படாரென்று திறந்தாலும் உள்ளே வருவது அதே காற்று. பியானோக் கட்டையின் மறுமுனையில் ஒரு சுத்தி இருக்கிறது. நீங்கள் கட்டையை இறக்கும் வேகம்தான் சுத்தியின் வேகம். சுத்தி கம்பியைத் தொட்டுத் திரும்பிவிட்ட பிறகு எவ்வளவு அழுத்தினாலும் பயனில்லை. ஒலி பிறந்தாயிற்று. அழுத்துவதால் நமக்குக் கை வலிக்கும், அவ்வளவுதான்.

ஒரே ஒரு கட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒலியே எழாதபடி அதை அடிவரை இறக்கிப் பழகுங்கள். அது கைவந்தபின் ஒரு மயிரிழை வேகம் கூட்டுங்கள். அப்போது எழுகிற ஒலிதான் உங்களுடைய மிக மெல்லிய ஒலி. அதிலிருந்துதான் மற்றதெல்லாம். விரலால் தள்ள வேண்டாம். கை தோளிலிருந்து தொங்கட்டும், அதன் எடையை விரல் வழியாக இறக்கி வையுங்கள். தூங்குகிறவரின் கையைத் தூக்கிப் படுக்கையில் வைப்போமே, அப்படி. விழவிடவும் கூடாது, பிடித்துக்கொண்டே இருக்கவும் கூடாது. அவர் விழித்துவிட்டால் நாம் செய்தது தவறு.

பிறகு அந்த ஒலி தேய்ந்து முடியும்வரை கேளுங்கள். நிறையப் பேர் அதைச் செய்வதில்லை.

மருந்து கொடுக்கும் நேரமாகிவிட்டது.

அன்புடன்,
சோபியா

*

வண்டூர்
26 ஜூலை 2024

மதிப்பிற்குரிய சோபியா அவர்களுக்கு, நலம் விழைந்து எழுதுவது.

தாங்கள் என்னும் சொல்லால் தாங்கள் அச்சமுற்றமைக்கு வருந்துகிறேன். ஆயினும், ஒரு துறை பற்றி எழுதும்போது அத்துறைக்குரிய மரியாதையைக் குறைத்துக்கொள்ள எனக்கு மனமில்லை.

தங்கள் விளக்கம் தெளிவாக இருந்தது. அதில் சொல்லப்பட்டவை பெரும்பாலும் நான் முன்பே உணர்ந்திருந்தவை. ஒலி எழாமல் இறக்கும் பயிற்சி முதல் நாளிலேயே கைவந்துவிட்டது. வியப்பு என்னவெனில், நான் எத்துணை வேகமாக இறக்கினாலும் ஒலி முரடாவதில்லை. பஞ்சுப் பொதிக்குள்ளிருந்து வருவதுபோல மிருதுவாகவே எழுகிறது. இவ்வளவு எளிதாகக் கைகூடும் என்று நானே எதிர்பார்க்கவில்லை. ஆர்மோனியத் துருத்தியோடு கழிந்த ஆண்டுகள் என் மணிக்கட்டுக்குள் எதையோ சேர்த்துவைத்திருக்க வேண்டும்.

சென்ற ஞாயிறு முதல்முறையாகத் திருப்பலியில் வாசித்தேன். பங்குத் தந்தை வெளியே வந்து, "தீதி, மக்கன்! ஏக்தம் மக்கன்!" என்றார். அக்கா, அப்படியே வெண்ணெய் என்கிறார். ஒலி மிக மென்மையாக இருப்பதால் பியானோவுக்கு அருகில் மைக் ஒன்றை நிறுத்தி, அதன் அளவையும் கூட்டிவைத்திருக்கிறார்கள். லூர்துநாதனுக்கு மட்டும் நல்ல சொல் வாயில் வராது. "நீ பியானோ வாசிக்கியா, பஞ்சு அடிக்கியா?" என்று கேட்டார். படகு எஞ்சின் ஓசையில் காது மரத்துப்போனவரிடம் தொனி பற்றி என்ன பேசுவது?

சுஷ்மா பின்வரிசையில் நின்று என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முன்னறையில் கட்டில் போட்டிருப்பதாக எழுதியிருந்தீர்கள். தங்கள் பியானோவும் அங்கேதானே இருக்கிறது? இடம் நெருக்கமாக இல்லையா? அம்மாவுக்கு என் அன்பைச் சொல்லவும். மழை இன்னும் ஓயவில்லை.

தங்கள்,
ஆரோக்கியசெல்வி

*

தூத்துக்குடி
17 ஆகஸ்ட் 2024

அன்புள்ள மைனிக்கு,

மாதாவின் விண்ணேற்புத் திருநாள் வாழ்த்துகள், இரண்டு நாள் தாமதமாக. எனக்குக் காய்ச்சல் வந்து போனது. பெரிதாக ஒன்றுமில்லை. அத்தையைத் தூக்கும்போதுதான் நடுவில் நிறுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. பகலில் உதவிக்கு வேலாயி வந்துகொண்டிருந்தாள், அவளுக்குப் பேரப்பிள்ளை பிறந்ததால் இனி வரமாட்டாள்.

ஒன்று கேட்க வேண்டும். பியானோவுக்கு மைக் வைத்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். உங்கள் கோயில் சின்னதுதானே? அத்தனை சிறிய இடத்தில் பியானோவுக்கு மைக் எதற்கு? உங்கள் பியானோவில் மூன்று பெடல் இருந்தால், நடுப் பெடல் கீழே இறங்கி ஓரமாக மாட்டிக்கொண்டு நிற்கிறதா என்று குனிந்து பாருங்கள் மைனி. மறக்காமல் பாருங்கள்.

அன்புடன்,
சோபியா

*

வண்டூர்
5 செப்டம்பர் 2024

மதிப்பிற்குரிய சோபியா அவர்களுக்கு,

தங்கள் காய்ச்சல் முற்றிலும் நீங்கியிருக்கும் என நம்புகிறேன். உடல்நலத்தைப் பேணவும்.

மைக் பற்றிய தங்கள் வினா என்னைச் சற்றே வருத்தியது என்பதை மறைக்க விரும்பவில்லை. மென்மை என்பது குறைபாடன்று. பெடல்களைப் பொறுத்தவரை, நான் அவற்றைத் தொடுவதுமில்லை, குனிந்து பார்ப்பதுமில்லை. விரல்மீது நம்பிக்கை இல்லாதவர்களுக்குத்தான் காலின் துணை தேவைப்படும் என்பது என் கருத்து. விடுதியிலிருந்து எந்த நிலையில் வந்ததோ அந்த நிலையிலேயே இருக்கிறது. முறையாகப் பயின்றவர்கள் கருவியில் குறை தேடுகிறார்கள். கருவியோடு வாழ்ந்தவர்கள் அப்படித் தேடுவதில்லை.

திருவிழாவுக்கான பாடல்களைத் தேர்ந்துவிட்டோம். அவற்றுள் ஒன்றில் பாடல் நிற்க, பியானோ மட்டும் தனியே ஒலிக்கும் இடம் ஒன்று வருகிறது. அவ்விடத்தில் என் தொனியை ஆயர் செவிமடுப்பார் என்று எண்ணும்போது, இத்தனை ஆண்டுகள் எனக்குப் பின்னால் முணுமுணுத்தவர்கள் அனைவரையும் மன்னித்துவிடத் தோன்றுகிறது. சாவி கேட்டு யாரும் இதுவரை வரவில்லை. வந்தாலும் கொடுக்கப்போவதில்லை.

அம்மாவின் நலம் கேட்டதாகச் சொல்லவும். திருவிழா முடிந்தபின் வருவது பற்றி யோசிப்பதாக இவரிடம் சொல்லியிருக்கிறேன்.

தங்கள்,
ஆரோக்கியசெல்வி

*

தூத்துக்குடி
13 அக்டோபர் 2024

அன்புள்ள மைனிக்கு,

கடிதம் கிடைத்து நாளாகிவிட்டது. அத்தைக்கு முதுகில் புண் வந்திருக்கிறது. மருத்துவர் வந்து பார்த்தார். அடிக்கடி பக்கம் மாற்ற வேண்டும் என்கிறார்.

நீங்கள் சந்தோஷமாக வாசிக்கிறீர்கள் என்று தெரிகிறது. வாசியுங்கள்.

வேறென்ன எழுத. அத்தை கூப்பிடுகிறார்கள்.

சோபியா

*

வண்டூர்
29 அக்டோபர் 2024

சோபியா,

தாங்கள் என்று எழுத இன்று கை வரவில்லை. நீ என்றே எழுதுகிறேன்.

சென்ற வாரம் பெய்த மழையில் கோயில் கூரை ஒழுகிற்று. பியானோமீது நீர் விழாதிருக்க, இளைஞர்கள் சனிக்கிழமை மாலை அதைக் கயிறு கட்டி எதிர்ச் சுவருக்கு இழுத்துவைத்தார்கள். இழுத்தபோது கயிறு கீழே எதிலோ சிக்கியதாகவும், உதைத்து விடுவித்ததாகவும் அவர்களில் ஒருவனான கோகுல் பின்னால் சொன்னான்.

ஞாயிறு காலை வழக்கம்போல் மூடியைத் திறந்து அமர்ந்தேன். வருகைப் பாடல். வழக்கம்போல் இரு கைகளாலும் தொடங்கினேன். சோபியா, அந்த ஒலியை எப்படி எழுதுவது? தகரக் கூரையில் தேங்காய்கள் உதிர்வதுபோல. மைக் வேறு உச்சத்தில் இருந்தது. முன்வரிசையில் ஒரு குழந்தை வீறிட்டது. வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து ஓடிற்று. பாடகர்கள் வாயைத் திறந்தபடியே நின்றார்கள். நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் தோல்வி என்று எண்ணி, இன்னும் அழுத்தி, மூன்றாம் அடிவரை வாசித்தேன். பீடச் சிறுவர்களில் ஒருவன், "ஆன்ட்டி, பியானோ பாகல் ஹோ கயா க்யா?" என்று கேட்டே விட்டான். பியானோவுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதா என்று. எல்லோரும் சிரித்தார்கள். பங்குத் தந்தை பீடத்திலிருந்தே கையைத் தாழ்த்தி, "தீரே, தீதி, தீரே" என்றார். மெதுவாக வாசிக்கச் சொல்கிறார். மெதுவாக எப்படி வாசிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டேன். மீதிப் பாடல்களைக் கருவியின்றிப் பாடினார்கள்.

பூசை முடிந்து எல்லோரும் போனபின் சுஷ்மா வந்தாள். கருவி கெட்டுவிட்டது, ஈரம் புகுந்துவிட்டது என்று நான்தான் முந்திக்கொண்டு சொன்னேன். அவள் தரையில் மண்டியிட்டு நடுப் பெடலைக் கையால் கீழே இழுத்து ஓரத்தில் மாட்டினாள். "இப்போ பஜாவோ தீதி" என்றாள். வாசித்தேன். பஞ்சுப் பொதி திரும்பி வந்தது. மேல்மூடியைத் திறந்து காட்டினாள். சுத்திகளுக்கும் கம்பிகளுக்கும் நடுவே கம்பளித் துணிப் பட்டை ஒன்று, திரைபோல் தொங்கியது.

"இது ப்ராக்டிஸ் பெடல் தீதி. கீழ லாக் பண்ணா ஆவாஸ் அமுங்கிரும், சத்தம் வெளிய வராது. ஹோட்டல்ல பக்கத்து ரூம் ஆளு தூங்கணும்ல, அதுக்குப் போட்டு வச்சிருப்பாங்க."

"உனக்கு எப்போது தெரியும்?" என்று கேட்டேன்.

"பஹலே தின் சே." முதல் நாளிலிருந்தே.

"ஏன் சொல்லவில்லை?"

அவள் மேல்மூடியை இறக்கிவைத்தாள். பிறகு, "சாபி ஆப்கே பாஸ் தா, தீதி" என்றாள். சாவி உங்களிடம் இருந்ததே என்று.

மூன்று மாதங்களாக நான் என் தொனி என்று கொண்டாடியது ஒரு துணியை, சோபியா. மக்கன் என்று பாராட்டப்பட்டது ஒரு துணி. அதற்குப் பின்னால் என் விரல்கள் கல்லுடைத்துக்கொண்டிருந்தன.

இதை எழுதுவது வேறொன்றைக் கேட்பதற்காக. நடுப் பெடல் பற்றி நீ ஆகஸ்டில் எழுதினாய். அப்போதே உனக்குத் தெரியும். நான் இறுமாப்போடு விடை எழுதினேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்குப் பின்னும் ஒரு கடிதம் எழுதினாயே, அதில் "வாசியுங்கள்" என்று மட்டும் எழுதியது ஏன்? ஒருமுறை கேட்டவள் இரண்டாம் முறை ஏன் கேட்கவில்லை?

லூர்துநாதன் இன்று வரை ஒரு கேலிச் சொல்லும் சொல்லவில்லை. அதுதான் பெரும் பாரமாக இருக்கிறது.

ஆரோக்கியசெல்வி

*

தூத்துக்குடி
9 நவம்பர் 2024

அன்புள்ள மைனிக்கு,

உங்கள் கடிதத்தை ரொம்ப நேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தேன்.

ஆமாம், தெரியும். மைக் என்று படித்ததுமே தெரியும். பெரிய விஷயமில்லை, ஒரு வரியில் எழுதி முடித்திருக்கலாம். குனிந்து பாருங்கள் என்று ஒருமுறை எழுதினேன். விரலில் நம்பிக்கை இல்லாதவர்களுக்குத்தான் கால் வேண்டும் என்று நீங்கள் பதில் எழுதினீர்கள். அந்தக் கடிதம் வந்த அன்று அத்தையின் முதுகில் முதல்முறையாகப் புண்ணைப் பார்த்தேன். நான் இரண்டு இரவு கண்ணயர்ந்து பக்கம் மாற்றத் தவறியதால் வந்த புண். உங்களிடம் இரண்டாம் முறை கேட்கத் தெம்பில்லை மைனி.

இது பாதிதான். இன்னொரு பாதியையும் எழுதிவிடுகிறேன். உங்களுக்கு ஒரு பியானோ இருந்தது. அதற்கு முன்னால் தினமும் உட்கார முடிந்தது. துணிக்குப் பின்னால் வாசித்தாலும் சந்தோஷமாக வாசித்தீர்கள். அதைப் படிக்கப் படிக்க எனக்கு எரிச்சல் வந்தது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஜூலையில் நீங்கள் இடம் நெருக்கமாக இல்லையா என்று கேட்டிருந்தீர்கள். நான் பதில் எழுதவில்லை. முன்னறையில் கட்டிலுக்கும் பியானோவுக்கும் சேர்த்து இடமில்லை. ஏப்ரலிலேயே பியானோவை என் மாணவி உமா மகேஸ்வரியின் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டோம். பக்கத்துத் தெருதான். போய் வாசிக்கச் சொல்கிறார்கள். அத்தையை யாரிடம் விட்டுப் போவது? மற்ற பிள்ளைகள் வேறு ஆசிரியையிடம் சேர்ந்துவிட்டார்கள். உங்களுக்கு எழுதிய பயிற்சியெல்லாம் கட்டில் கம்பியில் விரலை வைத்துப் பார்த்து எழுதியதுதான். ஒருநாள் அப்படி வாசித்துக்கொண்டிருந்தபோது அத்தை கண்ணைத் திறந்து, "ஏட்டி, என்னத்தத் தட்டுத? கொசுவா?" என்று கேட்டார்கள். ஆமா அத்தை, கொசுதான் என்றேன். "அடிச்சிட்டியா?" "அடிச்சிட்டேன்." "அப்பம் சரி" என்று தூங்கிவிட்டார்கள்.

தூங்குகிறவரின் கையைப் படுக்கையில் வைப்பதுபோல என்று எழுதினேனே, அது அத்தையின் கைதான். எனக்கு அன்று வேறு உதாரணம் தோன்றவில்லை.

அவர்களுக்கு இப்போது ஆள் சரியாகத் தெரியவில்லை. நேற்று என்னைப் பார்த்து, "செல்வி, ஆர்மோனியப் பெட்டிய மூடிட்டியாளா? உப்புக்காத்து அடிக்குல்லா, உள்ள போச்சுன்னா சாமியாரு ஏசுவாரு" என்றார்கள். மூடிட்டேன்மா என்று சொன்னேன். நான் அவர்களை அம்மா என்று கூப்பிட்டது அதுதான் முதல்முறை.

உங்கள் விரல்கள் கெட்டுப்போகவில்லை. ஒலியே கேட்காத இடத்தில் அவை எதைக் கற்றுக்கொள்ளும்? பெடலை விடுவித்துவிட்டு அந்த ஒரு கட்டையிலிருந்து மறுபடியும் தொடங்குங்கள்.

எனக்கு இதற்கு மேல் எழுத முடியவில்லை. கோபித்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை.

சோபியா

*

வண்டூர்
20 நவம்பர் 2024

அன்புள்ள சோபியாவுக்கு,

நீ நலமாயில்லை என்று தெரியும். ஆகவே நலமா என்று கேட்கவில்லை.

உன் கடிதத்தை வாசித்த அன்று எனக்குக் கோபம் வந்தது. மறைப்பானேன். மறுநாள் வாசித்தபோது, என் கடிதங்களில் நான் அம்மாவைப் பற்றி எழுதிய வரிகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. மழை ஓயட்டும். கடல் அடங்கட்டும். திருவிழா முடியட்டும். நலம் கேட்டதாகச் சொல்லவும். என்னாலும் இரண்டாம் முறை கேட்க முடிந்ததில்லை. கேட்டால் நீ உண்மையைச் சொல்லிவிடுவாய், சொல்லிவிட்டால் நான் புறப்பட வேண்டும்.

நடுப் பெடலை விடுவித்துவிட்டேன். மைக்கைப் பாடகர்களிடம் கொடுத்துவிட்டேன். நாள்தோறும் மதியம் கோயிலுக்குப் போய் ஒரே கட்டையில் அமர்ந்திருக்கிறேன். ஒலி எழாமல் இறக்குவது முதல் நாளிலேயே கைவந்தது என்று உனக்கு எழுதினேன் அல்லவா? இப்போது பத்தில் ஒன்பது முறை அது கத்திவிடுகிறது. விரல் மூட்டுகள் வலிக்கின்றன. இந்த வயதில் இது தேவையா என்று பாதி நாள் மூடியை இறக்கிவிட்டு வெறுமனே உட்கார்ந்திருக்கிறேன். முந்தாநாள், களைத்துப்போய்க் கையைத் தூக்கக்கூட மனமின்றிக் கட்டைமீது வைத்தேன். ஓர் ஒலி எழுந்தது. மெல்லியது, ஆனால் கம்பியிலிருந்து வந்தது. தேயும்வரை கேட்டேன். கோயில் சன்னலுக்கு வெளியே, கரையில் இவர் படகைக் கழுவிக்கொண்டிருந்தார். நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்து, "ஏட்டி, இது நீயா வாசிச்ச?" என்றார். அவரிடமிருந்து இதுவரை கிடைத்த பாராட்டு இது ஒன்றே. திரும்ப முயன்றேன், வரவில்லை.

அந்த ஒரு சுரத்தை வைத்துக்கொண்டு ஆயர் முன் அமர இயலாது. சுஷ்மாவை அழைத்துச் சாவியைக் கொடுத்துவிட்டேன். அவள் வாங்க மறுத்து, "தீதி, நயி, சாத் மே பஜாயேங்கே" என்றாள். சேர்ந்து வாசிப்போமாம். திருவிழாவன்று நான் இங்கே இருக்கமாட்டேன் என்றேன். பங்குத் தந்தை திகைத்துப்போனார். "பாடகர் குழுவை யார் பார்ப்பது?" என்று கேட்டார். பார்ப்பதற்கு ஆள் கிடைத்துவிட்டது என்று தெரிந்தபோது எனக்குச் சற்று வலித்தது. அதையும் உனக்கு எழுதிவிடுகிறேன்.

திருவிழா முடிந்து போகலாமே என்று லூர்துநாதன் சொன்னார். அப்படிச் சொல்வதற்கு இந்த வீட்டில் நான் ஒருத்தி போதும் என்றேன். போர்ட் பிளேரில் வரிசையில் நின்று எனக்குப் பங்க் வகுப்புப் படுக்கை டிக்கெட் எடுத்துவந்தார். டிசம்பர் நான்காம் நாள் கப்பல், சென்னைக்கு. அங்கிருந்து ரயில். டெர்வின் வரும்வரையாவது அங்கே இருப்பேன்.

நான் வந்த மறுநாள் நீ உமா மகேஸ்வரியின் வீட்டிற்குப் போக வேண்டும். வாசித்துவிட்டு எப்போது வேண்டுமானாலும் வா. அம்மா என்னைப் பார்த்து யார் என்று கேட்டால், வேலாயிக்குப் பதிலாக வந்தவள் என்று சொல்லிக்கொள்கிறேன். பிறகு ஒருநாள் அந்தப் பியானோ முன்னால் என்னையும் உட்கார வை. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அல்ல. கற்றுக்கொடு.

அதற்கு முன் வேறொன்று தெரிய வேண்டும். அம்மாவைப் பக்கம் மாற்றிப் படுக்க வைக்கும்போது, அவர்களுக்கு வலிக்காதிருக்க, என் கையை முதலில் எங்கே வைக்க வேண்டும்? தோளுக்கு அடியிலா, இடுப்புக்கு அடியிலா? எவ்வளவு எடை கொடுக்க வேண்டும்? இதையெல்லாம் நானே கண்டுபிடிக்க விரும்பவில்லை. கப்பல் புறப்படுமுன் உன் கடிதம் என் கையில் இருந்தால் வழியெல்லாம் படித்துக்கொண்டு வருவேன்.

விரைவில் பதில் எழுது.

செல்வி